கேட்காத கேள்வி

ராஜபாளையத்தின் காந்தி கலை மன்றத்தை அறிவீர்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்ததால் உருவானது அது. வீட்டுக் கதவைத் திறந்துவிடுவது அரிது. உள்ளத்தைத் திறப்பது அதனினும் அரிது.

யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் இதை 1914-இல் வேதனையோடு கற்றார். தியானப் பரவசத்தில் காலைப்பொழுதைக் கழித்திருந்த அவரைத் தேடி ஓர் இளைஞர் வந்தார். பூபர் அன்பாகவே பேசினார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஆனால் மனம் முழுமையாக அங்கே இல்லை. இளைஞர் கேட்காமல் விழுங்கிய கேள்வி அவருக்குப் புலப்படவில்லை. பின்னர் அந்த இளைஞர் உயிரோடு இல்லை என்ற செய்திதான் வந்தது.

1923-இல் வெளிவந்த 'நானும் நீயும்' நூலில் பூபர் சொல்வது இதுதான்: பயன் கருதிப் பார்த்தால் மனிதரும் நமக்கு 'அது', முழு மனத்தோடு சந்தித்தால் 'நீ'. அந்த 'நீ' வழியாகவே என்றுமுள்ள 'நீ'யாகிய இறைவனை நெருங்குகிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் அருகே அமர்ந்திருப்பவரும், வீட்டில் நம் முகம் பார்த்திருப்பவரும் கேட்காத கேள்வியோடு இருக்கலாம். இன்று கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு ஒருவருக்காவது செவிகொடுப்போம்.