கிளீனர் சைடு: மழையில கண்ணாடி துடைச்சவங்க கதை

போன ஐப்பசியில ஒரு நாள் ராத்திரி தர்மபுரியில இருந்து சேலத்துக்கு வந்துக்கிட்டிருந்தேன். தொப்பூர் இறக்கத்துல பிடிச்சது பாருங்க மழை... வைப்பர் முழு வேகத்துல ஓடியும் முன்னாடி போன லாரியோட சிவப்பு லைட் ரெண்டும் கரைஞ்ச குங்குமம் மாதிரிதான் தெரிஞ்சது. டோல்கேட்டுல அந்த லாரிக்குப் பக்கத்துலயே நிக்க வேண்டியதாயிடுச்சு. டிஎன் 28, நம்ம நாமக்கல் வண்டி. டிரைவர் மட்டும் இருந்தார். இடது பக்க சீட்டு காலி.

அந்தக் காலி சீட்டைப் பார்த்ததும் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்க மாமா 7 வருஷம் அந்த சீட்டுலதான் உட்கார்ந்து பாதி இந்தியாவைப் பார்த்தார். கிளீனரா. வைப்பரைப் பத்தி ஒரு வரலாறு எழுதலாம்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன். எழுத உட்கார்ந்தா அது மாமாவோட வரலாறா வருது. சரி, ரெண்டையும் சேர்த்தே எழுதிடறேன்.

கிளீனர்னா வண்டி கழுவுறவன்னு நினைக்கறவங்க லாரி ஏறாதவங்க. டயரைத் தட்டிப் பார்க்கறது, தார்ப்பாய் போட்டு கயிறு இழுத்துக் கட்டறது, ஏத்தத்துல வண்டி நின்னா சக்கரத்துக்குக் கட்டை போடறது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி நின்னு கத்தறது, ரோட்டோரம் ஸ்டவ் பத்த வச்சு சோறாக்கறது, விடியக்காலம் டிரைவர் கண்ணசராம பேச்சுக் குடுக்கறது, எல்லாமே அவன் வேலைதான். ஆனா மழைன்னு வந்துட்டா இதெல்லாம் ரெண்டாம்பட்சம். கண்ணாடி துடைக்கறதுதான் முதல் வேலை.

"வைப்பர்னு ஒண்ணு இருக்கும்போது ஆள் எதுக்குங்க?"ன்னு கேட்பீங்க. அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துக்காரம்மா மேரி ஆண்டர்சன். 1902-03 குளிர்காலத்துல நியூயார்க் போயிருந்தப்ப டிராம் வண்டியில ஏறினாங்க. வெளிய பனியும் மழையும் கலந்து கொட்டுது. கண்ணாடி வழியா ஒண்ணும் தெரியாம, டிராம் ஓட்டுறவர் முன்பக்கக் கண்ணாடியைத் திறந்து வச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டே ஓட்டறார். இந்தம்மா யோசிச்சாங்க. வண்டிக்கு உள்ள ஒரு நெம்புகோல், வெளிய ரப்பர் வச்ச ஒரு கை. உள்ள இருந்து இழுத்தா வெளிய துடைக்கும். 1903 நவம்பர் 10-ம் தேதி காப்புரிமை கிடைச்சது, எண் 743801. 1905-ல கனடாவுல ஒரு கம்பெனிக்கு விக்கப் பார்த்தாங்க. இதுக்கு வியாபார மதிப்பே இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. 1920-ல காப்புரிமை காலாவதி ஆச்சு. அதுக்கப்புறம் கார் எல்லாத்துலயும் வைப்பர் வந்துச்சு, அந்தம்மாவுக்கு ஒரு காசு வரலை.

ஒண்ணு கவனிங்க. அந்த வைப்பருக்கு மோட்டார் கிடையாது, ஒரு ஆளோட கைதான் மோட்டார். அப்புறம் பெட்ரோல் இன்ஜின் உறிஞ்சுற காத்தை வச்சு ஓடுற வாக்யூம் வைப்பர் வந்துச்சு. அதுல ஒரு கோளாறு. வண்டி சும்மா நிக்கும்போது வைப்பர் குதிரை மாதிரி ஆடும். ஏத்தத்துல ஆக்சிலேட்டரை மிதிச்சா அப்படியே சோர்ந்துடும். அதாவது எப்ப அவசியமோ அப்ப வேலை செய்யாது :-) டீசல் இன்ஜின்ல அந்த உறிஞ்சலும் கிடையாது, அதனால மின்சார மோட்டார் வேண்டியதாச்சு. 1961-ல சென்னை பாடியில ஆரம்பிச்ச லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி வைப்பர் மோட்டாரையெல்லாம் நம்ம நாட்டுலயே செய்யத் தொடங்கிச்சு.

அதாவது மாமா லாரி ஏறின 1974-ல வைப்பர் இருந்தது. ஆனா இருக்கறது வேற, ஓடறது வேற.

இங்கதான் நம்ம ஊர் கதை வருது. டெல்கோ கம்பெனி ஜெர்மனியோட டைம்லர் பென்ஸ் கூட 1954-ல ஒப்பந்தம் போட்டு லாரி செய்ய ஆரம்பிச்சது. எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸா இருந்தது 1955-ல அசோக் லேலண்ட் ஆச்சு. ஆனா கம்பெனியில இருந்து பெரும்பாலும் வந்தது வெறும் சேஸ்தான். இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவுதான். கேபினும் தொட்டியும் இங்க வந்துதான் கட்டணும். அந்த வேலையில நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் நாடு பூரா பேர் வாங்கிடுச்சு. மரச்சட்டம் அடிச்சு, தகரம் வேய்ஞ்சு, பெயிண்டுல மயிலும் தாமரையும் வரைஞ்சு அனுப்புவாங்க.

சேஸ் ஓட்டிட்டு வர்றவங்களை சின்ன வயசுல பார்த்திருக்கேன். கேபின் கிடையாது, கண்ணாடி கிடையாது. ஒரு பலகை மேல உட்கார்ந்து, தலையில துண்டு கட்டி, கண்ணுல மோட்டார் சைக்கிள்காரங்க போடற கண்ணாடி மாட்டிக்கிட்டு நூத்துக்கணக்கான கிலோமீட்டர் வருவாங்க. மழை வந்தா அவங்க துடைக்கறது கண்ணை!

அந்தக் காலத்து கேபின்ல முன்னாடி ஒரே கண்ணாடியா இருக்காது. நடுவுல ஒரு சட்டம், ரெண்டு பக்கமும் தட்டையா ஒவ்வொரு கண்ணாடி. மரக்கேபின் குலுங்கிக் குலுங்கி கண்ணாடி ஓரத்து ரப்பர் விட்டுடும், தண்ணி உள்ள ஒழுகும். டிரைவர் பக்க வைப்பர் ஏதோ ஓடும். கிளீனர் பக்கத்துல கம்பி மட்டும்தான் இருக்கும், ரப்பர் இருக்காது. பல வண்டியில கம்பியும் இருக்காது. "கிளீனர்தான் இருக்கானே"ன்னு அதுக்குக் காரணம் சொல்லுவாங்களாம். கண்ணாடி இருக்கற வண்டிக்கெல்லாம் இன்ஜின் சக்தியிலயோ மின்சாரத்துலயோ ஓடுற நல்ல வைப்பர் இருக்கணும்னு 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 101-வது விதி சொல்லுது. விதி புத்தகத்துல இருந்துச்சு, வண்டி ரோட்டுல இருந்துச்சு.

நம்ம சேலம் நாமக்கல் சமவெளி மழைக்கு ஏங்கற பூமி. வருஷம் பூரா பெய்யறதைக் கூட்டினாலும் 1000 மி.மீ. வராது. மானாவாரியா கடலையும் சோளமும் போட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டிருந்த குடும்பங்கள்ல இருந்துதான் நிறையப் பேர் லாரிக்குப் போனாங்க. மழை இல்லைன்னு லாரி ஏறினவங்களை லாரி எங்க கொண்டு போச்சு? மங்களூர், கோவா, பம்பாய். மங்களூர்ல மட்டும் வருஷத்துக்கு 3500 மி.மீ.க்கு மேல கொட்டும், அதுல பெரும்பகுதி ஆனியில இருந்து ஆவணிக்குள்ள. எங்க மாமா 14 வயசு வரைக்கும் பார்த்த மொத்த மழையையும் ஒரே டிரிப்புல பார்த்துட்டதா சொல்லுவார்.

மழையில கண்ணாடி துடைக்கறதுன்னா என்னன்னு அவர்கிட்ட கேட்டேன். சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொன்னார்.

"மாப்ளே, வெறுந்துணியில துடைச்சா கண்ணாடி இன்னும் கெட்டுப் போகும். முன்னாடி போற வண்டியோட டீசல் புகையும் ரோட்டு எண்ணெயும் கண்ணாடி மேல பாடா படிஞ்சிருக்கும். துணி அதை இழுத்து விட்டுடும். எதுக்கால வர்றவன் லைட் போட்டான்னா கண்ணாடி பூரா வெள்ளை வெள்ளையா பூத்துக்கும். ஒண்ணும் தெரியாது."

"அப்புறம் என்னங் மாமா பண்ணுவீங்க?"

"பீடியைப் பிரிச்சு புகையிலையை நனைச்சு தேய்ப்போம். இல்லைன்னா உருளைக்கிழங்கு, வெங்காயம், அறுத்த பக்கத்தை வச்சுத் தேய்க்கறது. அப்புறம் பாரு, தண்ணி முத்து முத்தா நிக்காம வழிஞ்சு ஓடிடும்."

இதுல மந்திரம் ஒண்ணுமில்லை. எண்ணெய்ப் பாடு இருந்தா தண்ணி துளித்துளியா நிக்கும், ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ் மாதிரி வெளிச்சத்தைச் சிதறடிக்கும். பாடு போனா தண்ணி மெல்லிசா பரவி வழியும், கண்ணாடி வழியா பார்க்கலாம். எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இதை அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கலை. ஒரு டிரைவர் இன்னொரு கிளீனருக்குச் சொல்லி, அந்தக் கிளீனர் டிரைவராகி அடுத்தவனுக்குச் சொல்லி வந்த பாடம்.

வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம் பெரிய தொல்லை. கேபினுக்குள்ள ரெண்டு மூணு பேர் மூச்சு, நனைஞ்ச துணி, பக்கத்துல இன்ஜின் சூடு. அந்த ஈரக்காத்து குளிர்ந்த கண்ணாடியில பட்டதும் ஆவி படிஞ்சுடும். ஜன்னலைத் திறந்தா ஆவி போகும், மழை உள்ள வரும். அதனால கிளீனர் மடியில ஒரு கட்டு பனியன் வேஸ்ட் வச்சுக்கிட்டு, எட்டி எட்டி டிரைவர் முன்னாடி துடைச்சுக்கிட்டே இருக்கணும். கை மறைச்சா திட்டு, துடைக்காட்டியும் திட்டு.

வைப்பர் மோட்டார் படுத்துக்கிச்சுன்னா அதுக்கும் ஒரு வழி இருந்தது. வைப்பர் கம்பியில ரெண்டு பக்கமும் கயிறு கட்டி, ஒரு முனை டிரைவர் ஜன்னல் வழியா, இன்னொண்ணு கிளீனர் ஜன்னல் வழியா. இவர் ஒரு இழுப்பு, அவர் ஒரு இழுப்பு. மேரி ஆண்டர்சனோட நெம்புகோல் 70 வருஷம் கழிச்சு சணல் கயிறா திரும்பி வந்த கதை இது.

கயிறும் அறுந்துட்டா? கிளீனர் ஃபுட்போர்டுல இறங்கி நிப்பான். ஒரு கை சைடு மிரர் கம்பியில, ஒரு கை கண்ணாடியில. வண்டி நகர்ந்துக்கிட்டே இருக்கும்.

1978 ஆடி மாசம். மங்களூர்ல யூரியா ஏத்திக்கிட்டு மாமா வண்டியும் இன்னொரு நாமக்கல் வண்டியும் ஒண்ணா சிராடி மலை ஏறியிருக்கு. ராத்திரி, கண்ணு மண்ணு தெரியாத மழை. நனைஞ்சா யூரியா போச்சு, அதனால எங்கயாவது நிறுத்திட்டு விடியட்டும்னு சொல்லவும் முடியலை. முன்னாடி போன வண்டியோட கிளீனர் ஃபுட்போர்டுல நின்னு துடைச்சுக்கிட்டே வந்திருக்கார். மாமாவைவிட ஒரு வயசு சின்னவர். சக்கரம் ஒரு குழியில இறங்கி ஏறுச்சு. கால் வழுக்கிடுச்சு. பின் சக்கரம் பாதத்து மேல ஏறிடுச்சு.

உயிர் பிழைச்சார். கால் போச்சு. ஓனர் ஆஸ்பத்திரி செலவைக் கட்டி, கையில 200 ரூபா குடுத்து ஊருக்கு அனுப்பி வச்சார். அவ்வளவுதான். 1923-லயே தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இருந்தது. ஆனா வேலைக்கு வச்சதுக்கு ஒரு துண்டுச்சீட்டு கூட இல்லாத பையன் எந்த ஆபீஸ் படி ஏறிக் கேட்பான்?

கிளீனரைப் பத்தி சட்டம் என்னதான் சொல்லியிருக்குன்னு தேடிப் படிச்சேன். 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். யாரெல்லாம் தொழிலாளின்னு சொல்ற இடத்துல டிரைவர், கண்டக்டர்னு ஆரம்பிச்சு மூணாவதா கிளீனர்னு பேர் சொல்லியே இருக்கு. எனக்கு சந்தோஷம். அப்படியே 10-வது பிரிவுக்கு வந்தேன். மழை, குளிர்ல இருந்து காப்பாத்த சீருடை, மழைக்கோட்டு குடுக்கணும்னு முதலாளிக்கு மாநில அரசு விதி போடலாம்னு இருக்கு. யாருக்கு? டிரைவருக்கு, கண்டக்டருக்கு, லைன் செக்கிங் ஊழியர்களுக்கு.

திரும்பத் திரும்பப் படிச்சேன். கிளீனர் இல்லை.

மழையில கீழ இறங்கறதுக்குன்னே இருக்கற ஒரே ஆளை மழைக்கோட்டுப் பட்டியல்ல விட்டுட்டாங்க! போகட்டும், அந்தச் சட்டமே 5 பேருக்கு மேற்பட்ட, இல்லை 5 பேராவது வேலை செய்யற நிறுவனத்துக்குத்தான். நம்ம ஊர்ல ஒரு வண்டி, ரெண்டு வண்டி வச்சிருக்கற ஓனருங்கதான் ஏராளம். ஒரு டிரைவர், ஒரு கிளீனர். சட்டம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. சின்னப் பசங்களை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னும் அதுலதான் இருக்கு. மாமா ஏறினப்ப வயசு 14.

ராபர்ட் கியர்ன்ஸ்னு ஒரு அமெரிக்கர், விட்டு விட்டு ஓடற வைப்பரைக் கண்டுபிடிச்சவர். என்னோட யோசனையை எடுத்துக்கிட்டாங்கன்னு ஃபோர்டு கம்பெனி மேல வழக்குப் போட்டார். 1990-ல அந்தக் கம்பெனி 1 கோடி டாலருக்கு மேல குடுத்து முடிச்சுக்கிட்டது. அவர் கதையை சினிமாவாவே எடுத்தாங்க. வைப்பர் ஓடாத இடத்துல வைப்பரா நின்னவனுக்கு எந்தக் கோர்ட்டும் இல்லை.

இப்ப? 1961 சட்டம் புதுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள்ள போயிடுச்சு. 2020-ல நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்தது. அதுல 5 பேர்ங்கற கணக்கு 10 பேர் ஆயிடுச்சு. நேஷனல் பர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் கட்டாயம்ங்கற விதியையும் 2018-ல எடுத்துட்டாங்க. 2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாராகற லாரிக்கு ஏசி கேபின் கட்டாயம். ஏசி இருந்தா கண்ணாடியில ஆவி படியாது. வைப்பர் ஒழுங்கா ஓடுது. கிளீனர் வேலைக்கு வர பசங்களும் இல்லை, படிக்கப் போறாங்க. அது நல்லதுதான், அதுல எனக்கு வருத்தமே இல்லை.

ஆனா கிளீனர் செஞ்சது துடைக்கறது மட்டுமில்லையே. இடது பக்கம் யார் வர்றாங்கன்னு பார்த்துச் சொன்ன கண்ணும், தூங்காம பேசின வாயும் அந்த சீட்டோட போயிடுச்சு. அன்னைக்குத் தொப்பூர் மழையில அந்த டிரைவர் எல்லாத்தையும் தனியாத்தான் பார்த்துக்கிட்டு வந்தார்.

மாமாகிட்ட மழைக்கோட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "கோட்டு குடுத்திருந்தாலும் போட்டிருக்க மாட்டோம் மாப்ளே, அதைப் போட்டுக்கிட்டு ஃபுட்போர்டுல நிக்க முடியாது. ஆனா குடுத்திருக்கலாம்"னார்.

உங்க வீட்டுல, உங்க தெருவுல பழைய கிளீனர் யாராவது இருந்தா உட்கார வச்சுக் கேட்டு எழுதி வைங்க. வேற எங்கயும் அவங்க பேர் இல்லை. லாரிக்காரங்க பேச்சுல மட்டும் ஒண்ணு மிச்சமிருக்கு. டோல்கேட்டுல அந்த டிரைவர் ஜன்னல் வழியா எட்டி, தண்ணி பாட்டில் வித்த பையன்கிட்ட சொன்னார்: "தம்பி, கிளீனர் சைடு கண்ணாடி மட்டும் கொஞ்சம் துடைச்சு விடேன்."