சிவந்த ஆட்டுத்தோல்

திண்டுக்கல்காரர்களுக்குத் தோல் ஷாப்பின் வாடையைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. சுண்ணாம்புக் குழியில் ஊறி, மயிர் கழன்று, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட தண்ணீரில் கிடந்துதான் பச்சைத்தோல் அழுகாத தோலாகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் ஒரு சுருளைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது அந்த வாடைதான்.

அதுவும் ஆட்டுத்தோல். சிவப்புச் சாயம் ஏற்றிய 37 தோல்களை ஒன்றோடொன்று தைத்து, மேலே எபிரேயத்தில் யூதர்களின் வேதமான மோசேயின் ஆகமங்களை எழுதியிருக்கிறார்கள். நீளம் சுமார் 48 அடி.

யூத மரபில் இப்படியொரு சுருளின் பிறப்பு எழுத்தாணியில் தொடங்குவதில்லை. தோலைப் பதனிடும்போதே, இது வேதத்துக்கான தோல் என்ற எண்ணம் மனத்தில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்தத் தோல் செல்லாது. பதனிட மாசிக்காய். நம் வீட்டில் கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுப்போமே, அதே துவர்ப்பு.

சிவந்த தோலும் புதிதல்ல. அந்த ஆகமங்களில் ஒன்றான யாத்திராகமத்தில் கடவுளின் கூடாரத்துக்கே கூரை சிவப்பாக்கிய ஆட்டுக்கடாத் தோல்தான். அந்தக் கூடாரத்தை அமைத்த பெசலெயேல் அரசனல்ல, ஆசாரியனுமல்ல. பொன்னிலும் மரத்திலும் கல்லிலும் வேலை செய்யும் கைவினைஞர். இறை ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று வேதம் முதன்முதலில் சொல்வது அவரைத்தான். உலகைப் படைத்த கடவுளின் வேலைக்கும் அவர் கைவேலைக்கும் எபிரேயத்தில் ஒரே சொல்: மெலாகா. ஓய்வுநாளில் விலக்க வேண்டிய 39 மெலாகாக்களில் தோல் பதனிடுதலும் ஒன்று. விதைப்பும் நெசவும் எழுத்தும் இருக்கும் வரிசையில் அதற்கும் இடம்.

கட்டளையைச் செய்தால் போதாது, அழகாகச் செய் என்கிறது தல்மூத் என்ற யூத மரபு நூல். வேதச்சுருள் என்றால் நல்ல மை, நல்ல எழுதுகோல், தேர்ந்த எழுத்தர், சுற்றி வைக்க நல்ல பட்டு.

1806இல் கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியார், கொச்சியில் கறுப்பு யூதர்கள் என்று அழைக்கப்பட்டவர்களின் ஆவணப் பெட்டியில் இருந்த அந்தக் கேம்பிரிட்ஜ் சுருளைப் பெற்று, கப்பலேற்றிக் கொண்டுபோனார். லேவியராகமம் முழுதும், உபாகமத்தில் பெரும்பகுதியும் அப்போதே இல்லை. தாமஸ் யேட்ஸ் என்பவர் அச்சுப் பிரதியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு 1812இல் வெளியிட்டார். எழுத்தைப் பார்க்கத்தான் எத்தனை கண்கள்! தோலைப் பார்த்தவர்கள் குறைவு.

யூதர்களும் தோல் ஷாப்பை ஊரைவிட்டு 50 முழம் தள்ளித்தான் வைக்கச் சொன்னார்கள். வாடை எங்கும் வாடைதான். நாம் ஷாப்போடு நிறுத்தவில்லை. தோலைத் தொட்ட மனிதரையும் தள்ளி வைத்தோம். எங்கள் ஊர்த் தோல் தொழிலாளர்களின் கதை ஒரு நாவலாக வந்து, சாகித்ய அகாதெமி விருது பெற 2012 ஆனது. டி. செல்வராஜின் 'தோல்' அது.

வேதச்சுருளில் வேதத்தைத் தவிர ஒரு சொல்லும் எழுதக்கூடாது. அந்த 37 தோல்களைப் பதனிட்டவர்களின் பெயர் அதில் இல்லை. நம் ஊரில் பதனிடுகிறவர்களின் பெயரையாவது, ஷாப்பைக் கடக்கும்போது நின்று கேளுங்கள்.