அறபெழுத்தின் அழகும் உம்மம்மாவின் கிதாபும்

 

சென்ற மாரியின்போது எல்லப் பகுதி இளைஞர் ஒருவர் சாக்குப் பையொன்றைச் சுமந்து பள்ளிவாசலுக்கு வந்தார். “மௌலவி, பழுதான குர்ஆன் ஏடுகள். அடக்கிவிட வேண்டும்” என்றார். பிரித்துப் பார்த்தேன். சிலவே குர்ஆன் ஏடுகள். எஞ்சியவை அவருடைய உம்மம்மா ஓதிய அறபுத் தமிழ்க் கிதாபுகள். எழுத்து அறபு, மொழி நமது தமிழ். வாசித்துக் காட்டியபோது அவர் திகைத்து நின்றார்.

அவ்வேடுகளில் இருந்த எழுத்தின் ஒழுங்கு பக்தாதில் உருவானது. ஆரம்பகால முஸ்ஹபுகள் பல கோணங்கள் மிகுந்த கூஃபி எழுத்தில் அமைந்தவை. வளைந்தோடும் எழுத்துக்கு அளவு வகுத்தவர் அப்பாஸிய அமைச்சர் இப்னு முக்லா. நாணற் பேனாவைச் சாய்த்து அழுத்தினால் சாய்சதுரப் புள்ளியொன்று விழும். அப்புள்ளியால் அலிஃபின் உயரத்தை அளந்தார். அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தை ஏனைய எழுத்துகளுக்கு அளவாக்கினார். மும்முறை அமைச்சராயிருந்த அவரது வலக்கரம் அரசியற் பகையால் வெட்டப்பட்டது. எஞ்சிய கையில் பேனாவைக் கட்டி எழுதினார் என்பர் வரலாற்றாசிரியர். 940 இல் சிறையிலேயே மரணித்தார். பதவி போயிற்று, புள்ளியளவு இன்றும் இருக்கிறது. அவ்வழியில் வந்த இப்னுல் பவ்வாப் ஹிஜ்ரி 391 இல் எழுதிய குர்ஆன் டப்ளின் நகரிலுள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் காணப்படுகிறது.

இவ்வெழுத்து கடல் கடந்து நமது தீவுக்கும் வந்தது. 1911 இல் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டில் சீனம், தமிழ் ஆகியவற்றோடு அறபெழுத்திலான பாரசீகமும் உண்டு. 1409 ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. மலாய்ச் சகோதரர்களோ 1869 இல் கொழும்பிலிருந்து ஜாவி எழுத்தில் பத்திரிகையே நடத்தினர்.

தமிழ் பேசும் முஸ்லிம்கள் செய்தது இன்னும் நுட்பமானது. ப, ட, ங, ஞ, ள, ழ போன்ற தமிழ் ஒலிகளுக்கு அறபில் எழுத்தில்லை. ஆகவே இருக்கும் அறபெழுத்துகளிலேயே புள்ளிகளையும் குறிகளையும் கூட்டினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் இதில் மார்க்க நூல்கள் இயற்றினர். அந்நாளைய கல்லச்சில் எழுதுபவரின் கையெழுத்தே அப்படியே பதிவாகும். எனவே அச்சு நூலிலும் பேனாவின் ஏற்ற இறக்கம் தெரியும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம் பெண்களிற் பலர் இவ்வெழுத்தால்தான் தொழுகையின் சட்டங்களைக் கற்றனர்.

பெற்றோரே! இவை அலட்சியத்தால் மட்டும் அழியவில்லை, கண்ணியத்தாலும் அழிகின்றன. அறபெழுத்தைக் கண்டதும் குர்ஆன் என்றெண்ணி மண்ணில் அடக்கிவிடுகிறோம். அடக்குமுன் வாசிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். நமது மலைநாட்டு ஈரமும் கறையானும் செய்யும் சேதமே போதாதா?

அன்று குர்ஆன் ஏடுகளை மட்டும் அடக்கினோம். கிதாபுகளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். ஒன்றின் உள்ளட்டையில் பிள்ளைகள் பிறந்த நாட்கள் அறபுத் தமிழில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. மூன்றாவது வரி, அவருடைய உம்மா பிறந்த நாள்.