கணினி விளையாட்டுக் குழுக்களுக்கு 'பில்ட் சர்வர்': வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஆலுவா: நிரல், ஓவியங்கள், ஒலிக் கோப்புகள் அனைத்தையும் சேர்த்து, விளையாடத்தக்க ஒரே தொகுப்பாக மாற்றித் தரும் கணினி 'பில்ட் சர்வர்' எனப்படுகிறது. இப்பணியை ஓர் ஊழியரின் கணினியிலேயே செய்துவரும் குழுவில், அவர் விடுப்பு எடுக்கும் நாளில் வெளியீடும் நின்றுவிடும்.

டொராண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'வெண்பா', கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதையைச் சொல்லும் விளையாட்டு. 2023 ஜூலை 31 அன்று விண்டோஸ், ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் தளங்களில் அது வெளியானது. இவ்வாறு பல தளங்களில் வெளியிடும்போது, ஒரு சிறு திருத்தத்துக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே தொகுத்தாக வேண்டும்.

கருவி வாங்கும்போது பலரும் பிராசஸரின் 'கோர்' எண்ணிக்கையையே பார்க்கின்றனர். ஆனால் தடை பெரும்பாலும் ரேம் நினைவகத்தில்தான் உள்ளது. அன்ரியல் எஞ்சின் 5, ஒரு தொகுப்புப் பணிக்குச் சுமார் 1.5 ஜிபி நினைவகம் தேவை எனக் கணக்கிட்டு, பற்றாக்குறை இருந்தால் பணிகளைத் தானே குறைத்துக்கொள்கிறது. 32 கோர் பிராசஸருடன் 32 ஜிபி ரேம் மட்டும் பொருத்தினால், ஒரே நேரத்தில் 20 பணிகள் அளவுக்கே நடைபெறும். எஞ்சிய கோர்களுக்குக் கொடுத்த பணம் வீண். 64 ஜிபி ரேம், வேகமான என்விஎம்இ வட்டு ஆகியவற்றுக்குப் பிறகே கூடுதல் கோர்களை எண்ண வேண்டும். ஐபோன் பதிப்புக்கு எக்ஸ்கோட் மென்பொருள் தேவை. அது மேக் கணினியில் மட்டுமே இயங்கும் என்பதால் தனியே ஒரு மேக் மினியும் அவசியம்.

ஒருமுறை கணக்கிட்ட ஷேடர் தரவுகளைக் குழுவினர் அனைவரும் பகிரும் பொதுச் சேமிப்பு, செலவு குறைந்த வேக வழி. பகலில் மாற்றங்களை மட்டும் தொகுத்து, இரவில் அனைத்தையும் புதிதாகத் தொகுப்பது நல்லது. விடுபட்ட கோப்புகள் அப்போதுதான் தெரியவரும். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளை நேரடியாக ஏற்பதில்லை. எனவே, கலைக் கோப்புகளுக்குக் கிட் எல்எஃப்எஸ் அல்லது பெர்ஃபோர்ஸ் தேவைப்படும்.

கருவியை வைக்கும் இடமும் முக்கியம். 2018 ஆகஸ்ட் மாதத்தில் பெரியாறு பெருக்கெடுத்து ஆலுவாவை மூழ்கடித்தது. நெடும்பாசேரி விமான நிலையம் அம்மாதம் 29ஆம் தேதிதான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. தரைத்தளத்தில் சர்வர் வைப்பது இங்கு விவேகமன்று. ஐப்பசி மாதத்துத் துலாவர்ஷ இடி மின்னலைக் கருதி யுபிஎஸ், மின்னெழுச்சித் தடுப்பு இரண்டும் வேண்டும்.

வெள்ளத்தில் கணினி போனால் வேறு வாங்கலாம். ஆண்ட்ராய்டு கையொப்பச் சாவி அவ்வாறன்று. கூகுள் பிளேயின் சாவிப் பாதுகாப்பு வசதியில் சேராத பழைய விளையாட்டுக்கு அச்சாவி தொலைந்தால், அதன் பயனர்களுக்குப் புதுப்பிப்பு அனுப்பவே இயலாது. ஆகவே, சாவியின் மறையாக்கப்பட்ட நகலும் மூலக் கோப்புகளின் நகலும் வேறு மாவட்டத்திலோ மேகச் சேமிப்பிலோ இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன், அந்த நகலை மட்டும் கொண்டு வேறொரு கணினியில் விளையாட்டைத் தொகுத்துப் பார்ப்பது அவசியம்.