மண்புழுத் தொட்டியின் அழையா விருந்தாளிகள்

வீட்டுச் சமையலறைக் கழிவை மண்புழு உரமாக்கும் முயற்சி நம் நகரங்களில் பரவி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், ஆர்வத்துடன் தொட்டியை வாங்கியவர்களில் பலர் சில மாதங்களிலேயே அதைக் கைவிட்டுவிடுகின்றனர். காரணம் கேட்டால், 'எறும்பு வந்துவிட்டது', 'ஈ மொய்க்கிறது', 'ஏதேதோ புழு நெளிகிறது' என்பதே நான் பெரும்பாலும் கேட்கும் விடை.

விலைவாசி உயரும்போது விலைப்பட்டியலைக் கிழித்தெறிவதால் பயனில்லை, தட்டுப்பாடு எங்கே என்று தேட வேண்டும் என்பது பொருளியலின் பாலபாடம். மண்புழுத் தொட்டிக்கும் அது பொருந்தும். ஓய்வுக்குப் பின் மொட்டைமாடியில் தொட்டி வைத்துப் பராமரித்து வருபவன் என்ற முறையில் நான் அறிந்தது இதுதான்: அழையாமல் வரும் உயிர்களில் பெரும்பாலானவை, ஈரம், உணவு, காற்று ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று மிகுந்தோ குறைந்தோ இருப்பதைத் தெரிவிக்கவே வருகின்றன.

முதலில் எறும்பு. தொட்டிக்குள் எறும்பு குடியேறினால் படுகை காய்ந்துவிட்டது என்று பொருள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும். அதுவே சரியான ஈரப்பதம். நீர் தெளித்து மெல்லக் கிளறிவிட்டால் எறும்புகள் இடம்பெயரும். தொட்டியின் கால்களை நீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்தினால் மீண்டும் ஏற வழியிராது. இனிப்பும் எண்ணெய்ப் பண்டங்களும் தொட்டிக்குள் செல்லக் கூடாது.

அடுத்தது பழ ஈ. வாழைப்பழம், மாம்பழம் ஆகியவற்றின் தோலிலேயே இதன் முட்டைகள் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. கழிவை மேலாகக் கொட்டாமல் மூன்று விரற்கடை ஆழத்தில் புதைத்து, அதன்மேல் காய்ந்த சருகு அல்லது தேங்காய் நார்க்கழிவைப் பரப்பி, ஈரச் சாக்கால் மூட வேண்டும். நம் வெப்பநிலையில் முட்டை ஈயாக மாறச் சுமார் பத்து நாள்கள் ஆகும். ஆதலால் இரண்டு வாரப் பொறுமை தேவை.

பலரை அருவருப்படையச் செய்வது, 'கறுப்புச் சிப்பாய் ஈ' எனப்படும் பூச்சியின் தடித்த, பழுப்பு நிறப் புழுக்கள். இவை மண்புழுவைத் தின்பதில்லை; அதன் உணவில்தான் பங்கு கேட்கின்றன. தேவைக்கு மேல் உணவிடுகிறோம், படுகை நொதநொதத்துவிட்டது என்பதே இவை தரும் செய்தி. ஒரு வாரம் உணவை நிறுத்திக் காய்ந்த சருகைக் கலந்தால் குறைந்துவிடும். பொறுக்கி எடுத்தவற்றைக் கோழி வளர்ப்போரிடம் கொடுத்தால் மகிழ்ந்து வாங்கிக்கொள்வர்.

நூல்போன்ற வெண்புழுக்களும், கடுகினும் சிறிய செம்பழுப்புப் பூச்சிகளும் பெருகினால், ஈரத்தோடு புளிப்புத்தன்மையும் கூடிவிட்டது எனலாம். எலுமிச்சைத் தோலையும் புளித்த உணவையும் தவிர்த்து, முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவ வேண்டும். இரவில் தர்ப்பூசணித் தோலை மேலே வைத்தால் பூச்சிகள் அதில் திரளும். காலையில் அப்படியே அகற்றிவிடலாம். மரவட்டை இருந்தால் விட்டுவிடுங்கள். அதுவும் மட்கச் செய்யும் தொழிலாளிதான்.

மெய்யான பகைவர் சிலரே. பூரான் மண்புழுவை வேட்டையாடும். இடுக்கியால் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். சுத்தியல் போன்ற தலையுடைய தட்டைப்புழுவும் அத்தகையதே. அதை வெட்டக் கூடாது. துண்டுகள் தனித்தனிப் புழுக்களாக வளரும். வெறுங்கையால் தொடாமல் எடுத்து உப்பு நீரில் இடுவதே வழி. எலி, மூஞ்சூறு ஆகியவற்றைத் தடுக்கக் கால் அங்குலக் கண்ணுடைய கம்பி வலை போதும். இறைச்சி, மீன் கழிவுகளைத் தொட்டியில் இடாதிருந்தால் எலியின் வருகை பாதி குறையும்.

எந்நிலையிலும் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. எறும்புப் பொடி, பூச்சிக்கொல்லித் தெளிப்பான் ஆகியவற்றைத் தொட்டிக்குள் பயன்படுத்தக் கூடாது. உப்பையும் தூவக் கூடாது. உரத்திற்காக வளர்க்கப்படும் ஐசீனியா ஃபெடிடா, யூட்ரிலஸ் யூஜினியே போன்ற இனங்கள் மேல்மட்டத்திலேயே வாழ்பவை, தோலால் சுவாசிப்பவை. எறும்பைக் கொல்லும் நஞ்சு அவற்றையும் விட்டுவைக்காது. பின்னர் அந்த உரம் கீரைப் பாத்திக்குப் போகும். கீரை நம் இலைக்கு வரும்.

ஒரு தொட்டி கைவிடப்படுவதால் என்ன நேர்ந்துவிடும் என்று எண்ணலாம். நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி மட்கும் கழிவே. வீட்டிலேயே உரமாகியிருக்க வேண்டிய அது, கலப்புக் குப்பையாகிக் கிடங்கில் அழுகி மீத்தேனை வெளியிடுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடியிலும், வடசென்னையின் கொடுங்கையூரிலும் வாழும் மக்கள் பல பத்தாண்டுகளாக அதன் புகையையும் நாற்றத்தையும் சுமந்திருக்கின்றனர். நாம் தவிர்த்துக்கொண்ட சிறு தொல்லையின் விலையை, அதற்குத் தொடர்பே இல்லாத வேறொருவர் செலுத்துகிறார்.

குப்பையை வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வலியுறுத்தின. விதியும் தொட்டியும் இருந்தால் மட்டும் போதாது. தொட்டியில் எறும்பு ஏறிய மூன்றாம் மாதத்தில், 'நீர் தெளியுங்கள், சரியாகிவிடும்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். தொட்டி வழங்கும் உள்ளாட்சி அமைப்புகள், அனுபவமுள்ள இல்லத்தரசியர், ஓய்வு பெற்றோர் ஆகியோரைக் கொண்டு வட்டந்தோறும் ஆலோசனைக் குழு அமைக்கலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அதுவரை, தொட்டியில் புதிதாக ஓர் உயிரைக் கண்டால் மருந்தைத் தேடும் முன் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிழிந்து பாருங்கள்.