தொற்றுக்குள்ளான குருதிக்குழாய் ஒட்டுகள்

இரண்டாம் உலகப் போரில் நாடி அறுந்தவருக்கு அதைக் கட்டிக் குருதிப்பெருக்கை நிறுத்துவதே பெரும்பாலும் செய்யப்பட்ட சிகிச்சை. அமெரிக்கப் படையினரின் 2,471 நாடிக் காயங்களை அறுவைமருத்துவர்களான டிபேக்கியும் சிமியோனும் ஆராய்ந்து 1946இல் வெளியிட்டபோது, தைத்துச் சீராக்கப்பட்டவை வெறும் 81. நாடி கட்டப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் உறுப்பை இழந்திருந்தனர்.

மாற்றுக்குழாய் தேடியவர்கள் முதலில் நாடியது மனித இழையத்தையே. 1948இல் பாரிசில் அறுவைமருத்துவர் குன்லின், நோயாளியின் கால் நாளத்தையே எடுத்து அடைபட்ட நாடிக்கு மாற்றுவழி அமைத்தார். 1951இல் டூபோஸ்ட், வீங்கிய வயிற்றுப் பெருநாடியை அகற்றி, இறந்தவரின் பெருநாடித் துண்டை அங்கே பொருத்தினார். அக்கால முறையில் பேணப்பட்ட கொடைக்குழாய்கள் நாளடைவில் சுண்ணாம்பு படிந்து விரிந்தன, சில வெடித்தன. 1952இல் வூர்ஹீஸின் வினியோன் என்ற செயற்கை இழைத் துணிக்குழாயும் அடுத்து டெக்ரான் துணிக்குழாயும் வந்ததும் அவை ஒதுங்கின.

துணிக்குழாயில் தொற்று அரிது. ஆனால் வந்தால் மிகக் கொடியது. நெசவில் ஒட்டிய பற்றீரியாக்கள் தம்மைச் சுற்றிப் படலம் அமைத்துக்கொள்கின்றன. துணிக்கென்று குருதியூட்டம் இல்லாததால் மருந்தும் வெண்குழியங்களும் அங்கு போதிய அளவு சேர்வதில்லை. தையல் விட்டால் நோயாளி நிமிடங்களில் இறக்கக்கூடும். 1960கள் தொட்டு, பழுதான குழாயை அகற்றிப் பெருநாடி முனையை மூடி, அக்குளிலிருந்து தொடைக்குத் தோலடியில் வேறு குழாய் விடுவது வழக்கமாயிற்று. அதுவும் செயற்கைக் குழாயே. அது அடைபடுவதுண்டு, மூடிய முனையும் வெடிப்பதுண்டு.

1993இல் இழையம் மீண்டும் முன்னுக்கு வந்தது. டலஸ் நகரில் கிளாகெட், தொடையின் ஆழ்நாளத்தால் பெருநாடியை மீளமைத்தார். பாரிசில் கீஃபர், கொடையாளரின் நாடிகளைத் தொற்றிய இடத்திலேயே பொருத்திய 43 நோயாளிகளின் விளைவுகளை வெளியிட்டார். பின்னர் மாட்டின் இதயவுறையைக் குழாயாகத் தைத்துப் பயன்படுத்தும் முறையும் பரவியது.

இறந்தோரின் இழையத்தைப் பிறருக்குக் கொடுப்பது இலங்கைக்குப் புதிதல்ல. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. 1996இல் கொழும்பில் மனித இழைய வங்கியும் உருவானது. தோலையும் எலும்பையும் கதிர்வீச்சால் கிருமிநீக்கிப் பேணலாம். நாடிக்கோ கடுங்குளிரில் உறையவைக்கும் ஏற்பாடு வேண்டும். அது இல்லாத ஊர்களில் நோயாளியின் தொடை நாளமே மிகச் சிறந்த தெரிவு. எனினும் அதை எடுத்துப் பொருத்தப் பல மணிநேரம் செல்லும். குருதி கசிந்தபடி வருபவருக்கு அந்த அவகாசம் இராது. அங்கே கைவசம் உள்ள மாட்டு இதயவுறையே உதவுகிறது.