குளத்து உறவுகளின் பதிவேடு

உடன்குடி என்றதும் பனையும் கருப்பட்டியும் செம்மணல் தேரியுமே நம் நினைவுக்கு வரும். ஆயினும் பருவமழை பொய்க்காத ஆண்டில் தாமிரபரணியின் உபரிநீர் சடையநேரிக் குளத்தை எட்டும்போது, இவ்வறண்ட மண் வேறொரு முகம் காட்டுகிறது. நீர் வற்றியதும் அகன்றுவிடும் பறவைகளையும், குளத்தோடு ஒட்டி வாழும் கொட்டி, ஆம்பல், நெய்தல் ஆகியவற்றையும் ஒப்பிட்டு, உண்மை உறவு எதுவென ஔவையார் மூதுரையில் உணர்த்தினார். அவ்வுவமையை நாம் மறையுரையிலும் எடுத்தாள்கிறோம். ஆனால் கொட்டியை அடையாளம் காட்டவல்லவர் நம்மில் எத்தனை பேர்?

அதனைக் காட்டவல்ல இடம் ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகம். அழுத்தி உலர்த்திய செடியைத் தாளில் ஒட்டி, ஓரத்தில் அதன் பெயர், எடுத்த இடம், நாள், சேகரித்தவர் பெயர், எண் ஆகியவற்றைக் குறித்து வைப்பர். பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று. பாட்டனாரின் பெயரைத் தேடி வருவோருக்கு, மங்கிய ஒரு வரி எத்துணைப் பெரிய சான்றாகிறது! குறிப்பில்லாத உலர்செடியோ வெறும் சருகே.

தமிழகத்தில் இப்பணி நீண்ட வரலாறு உடையது. லின்னேயஸின் மாணவரான கேனிக் என்னும் மருத்துவர் 1768இல் தரங்கம்பாடி வந்து செடிகளைத் திரட்டினார். 1776இல் வந்த லுத்தரன் மறைப்பணியாளர் ராட்லர், செடிகளோடு தமிழ்ச் சொற்களையும் சேகரித்தார். அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1834 முதல் 1841 வரை அச்சேறியது. நிறைவைக் காணுமுன்பே 1836இல் அவர் மறைந்தார். அவர் திரட்டிய செடிகள் பல இலண்டன் கியூ தோட்டக் காப்பகத்தில் உள்ளன. நம் திருச்சபையிலும், இயேசு சபை அருட்தந்தை கே. எம். மத்தேயு 1967இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியத்தை நிறுவினார். தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1981 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது.

நீர்த்தாவரங்களைப் பதிவு செய்வது எளிதன்று. நீரினுள் விரிந்திருக்கும் மெல்லிலைகள் வெளியே எடுத்ததும் ஒட்டிச் சுருண்டுவிடும். எனவே தட்டு நீரில் செடியை மிதக்கவிட்டு, அடியில் தாளைச் செலுத்தி மெல்லத் தூக்க வேண்டும். உலர்ந்தபின் பூவின் நிறம் மங்கும் என்பதால் நிறத்தையும் நீரின் ஆழத்தையும் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். குளம் நிறைந்திருக்கும் சில மாதங்களே இதற்கு உரிய காலம்.

இத்துணை உழைப்பு எதற்கு? ஒரு சான்று போதும். ஆகாயத்தாமரை என்னும் பெயரை மருத்துவ நூல்கள் கூறும் பழைய மிதவைச் செடிக்கும் வழங்குகிறோம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து, நம் நீர்நிலைகளை மூடிவிட்ட வெங்காயத்தாமரைக்கும் வழங்குகிறோம். எந்தக் குளத்தில் எது, எந்த ஆண்டில் இருந்தது? பெயர் மட்டும் விடை தராது. நாளும் இடமும் குறித்த உலர்செடியே விடை தரும்.

குளங்கள் தூர்ந்து வருகின்றன. எதை இழந்தோம் என்பதும் தெரியாமற் போவது இழப்பினும் பெரிய இழப்பு. பதிவில்லாத மரணத்திற்கு அழுவாரும் இல்லை. உயிர்களுக்குப் பெயரிடும் உரிமையையும் தோட்டத்தைக் காக்கும் கடமையையும் இறைவன் மனிதனிடம் ஒருங்கே ஒப்படைத்ததாகத் தொடக்கநூல் கூறுகிறது. பெயரே அறியாததை நாம் எவ்வாறு காப்போம்? அடுத்த மழைக்குக் குளம் நிறையும்போது, நம் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் சென்று கொட்டியைக் காட்டுவோம். நமக்குத் தெரியாவிடில், அவர்களோடு சேர்ந்து தேடுவோம்.